வீழ்ச்சியின் சாட்சியமும் பிறர் அந்தரங்கமும்

தவறு நிகழ்ந்த பின்னர் மனிதனுக்கு இரு கடமைகள் எஞ்சுகின்றன. நிகழ்ந்தது யாது, ஏன் நிகழ்ந்தது என ஆராய்ந்தறிவது ஒன்று. அத்தவறோடு எவ்விதத் தொடர்புமின்றி அவ்விடத்தில் அகப்பட்டுக்கொண்ட பிறருடைய அந்தரங்கத்தை அவ்வாராய்ச்சியின்போது காப்பது மற்றொன்று. இவ்விரு கடமைகளும் ஒத்துச்செல்லும் வேளைகள் உண்டு. ஒன்றையொன்று மறுத்து நிற்கும் வேளைகளும் உண்டு. பிந்திய நிலையில் எதனை எவ்வளவுக்கு விட்டுக்கொடுப்பது என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். பிரேத பரிசோதனை நிகழ்த்தும் வைத்தியரும், இறந்தோரின் கடிதங்களைப் புரட்டும் வரலாற்றாசிரியரும் இவ்வினாவை எதிர்கொண்டவர்களே. இன்றோ, பெரும்பாலோர் கண்ணிற் படாத ஓரிடத்தில், கணினியின் பணிசெயல் முறைமையினுள், சில வரிகளே கொண்ட ஓர் அமைப்புக் கோப்பில் இவ்வினாவுக்கு நாள்தோறும் விடையளிக்கப்படுகின்றது. வீழ்ந்துபட்ட செய்நிரல் ஒன்றின் இறுதி நினைவைச் சேமிப்பதா, விடுவதா. சேமிப்பதாயின் எவ்வளவு, எங்கே, யார் பார்வைக்கு, எத்துணைக் காலத்துக்கு என்பனவற்றை அவ்வரிகளே தீர்மானிக்கின்றன. அவ்வரிகளின் அறப்பொருளை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், பேசப்படும் பொருள் யாதெனத் தெளிதல் வேண்டும். கணினியில் இயங்கும் ஒவ்வொரு செய்நிரலும் நினைவகத்தில் தனக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் தொழிற்படுகின்றது. தனக்கு உரித்தல்லாத இடத்தைத் தொட முயல்தல் போன்ற பெருவழு ஒன்று நேருமாயின், பணிசெயல் முறைமை அதனை அக்கணமே நிறுத்திவிடும். நிறுத்தும் வேளையில் அச்செய்நிரலின் நினைவகம் இருந்தது இருந்தவாறே ஒரு கோப்பாக எழுதப்படலாம். இதுவே 'கோர் டம்ப்' எனப்படுவது. 1950களிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை கணினி நினைவகங்கள் பெரும்பாலும் நுண்ணிய காந்த வளையங்களால் அமைந்திருந்தன. அவ்வளையங்களுக்குக் 'கோர்' என்பது பெயர். வளையங்கள் வழக்கொழிந்து குறைகடத்திகள் வந்த பின்னரும் அப்பெயர் நிலைத்துவிட்டது. 1969 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் தோற்றம் பெற்ற யூனிக்ஸ் மரபில், செய்நிரல் எக்கோப்புறையில் நின்று இயங்கியதோ அக்கோப்புறையிலேயே 'கோர்' என்னும் பெயருடன் இக்கோப்பு விட்டுச்செல்லப்படுவது வழக்கமாயிற்று.

செய்நிரலாளருக்கு இக்கோப்பு அரும்பெரும் சாட்சியமாகும். எந்தப் பகுதி எந்தப் பகுதியை அழைத்தது, அழைத்த வேளையில் எந்த மாறி என்ன பெறுமானத்தைக் கொண்டிருந்தது, எந்த வரியில் கால் இடறியது என்பனவற்றை அதனைக்கொண்டு பின்னோக்கிச் சென்று காணலாம். சில வழுக்கள் ஆயிரம் முறை இயங்கினாலும் ஒரு முறையே வெளிப்படுவன. ஆய்வுகூடத்தில் அவற்றை மீள நிகழ்த்திக் காட்டுதல் இயலாது. அவ்வாறான வழுவைப் பொறுத்தவரை வீழ்ந்த கணத்தின் நினைவகமே கிடைக்கக்கூடிய ஒரேயொரு சாட்சியாக அமைகின்றது.

ஆயின், அச்சாட்சி தன்னைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வைத்தியசாலை ஒன்றில் நோயாளரின் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கும் செய்நிரல் திடீரென வீழ்ந்துவிட்டது எனக் கொள்வோம். அக்கணத்தில் நினைவகத்தில் இருந்தவை எவை? செய்நிரலின் கட்டளைகள் இருந்தன. அவற்றோடு ஒரு பெண்ணின் பெயரும், அவர் தம் குடும்பத்தாரிடமும் சொல்லாத நோயின் பெயரும், பதிவைத் திறந்த தாதியின் கடவுச்சொல்லும் இருந்திருக்கலாம். நினைவகத்தை இருந்தவாறே எழுதுதல் என்பதன் பொருள் இவையனைத்தையும் சேர்த்தெழுதுதல் என்பதே. அப்பெண் செய்நிரலை எழுதியவரும் அல்லர், இயக்கியவரும் அல்லர். செய்நிரல் வீழ்ந்தது என்பதுகூட அவருக்குத் தெரிய வராது. எனினும், அவ்வீழ்ச்சியின் சாட்சியத்தில் அவரது வாழ்வின் ஒரு பகுதி எழுதப்பட்டுவிடுகின்றது.

இந்நிலையில், அமைப்புவிதிகளை வகுப்பவர் உண்மையில் எவற்றைத் தீர்மானிக்கின்றார் என்பது நோக்கற்பாலது. லினக்ஸ் முறைமையில், நேரடியாகக் கோப்பாக எழுதும் வழியைப் பொறுத்தவரை, கோப்பின் உச்ச அளவு முதலில் விதிக்கப்படுகின்றது. அவ்வளவு பூச்சியமாயின் எதுவும் எழுதப்படமாட்டாது. அடுத்து, கோப்பின் பெயரையும் இடத்தையும் குறிக்கும் ஒரு வரி உண்டு. அவ்வரி நிலைக்கோட்டுக் குறி ஒன்றுடன் தொடங்குமாயின், நினைவகத்தின் படி நேரே வேறொரு செய்நிரலின் கையில் ஒப்படைக்கப்படும். நினைவகத்தின் எவ்வகைப் பகுதிகள் எழுதப்படலாம் என்பதையும் வரையறுக்க இயலும். தம்மை இயக்கும் பயனரைவிட உயர்ந்த அதிகாரத்துடன் ஓடும் செய்நிரல்களின் நினைவகத்தைப் பதிவுசெய்யலாமா என்பதற்குத் தனியே ஒரு விதி உண்டு. அதன் தொடக்கப் பெறுமானம் 'ஆகாது' என்பதேயாகும். 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் 3.4 பதிப்பு, தன் நினைவகத்தின் குறித்த பகுதியை இப்பதிவில் சேர்க்கலாகாது எனச் செய்நிரலே முன்கூட்டி அறிவிக்கும் வசதியையும் அளித்தது.

பல லினக்ஸ் வினியோகங்களில் 'சிஸ்டம்டி' தொகுதியைச் சேர்ந்த ஒரு செய்நிரல் இப்பணியை ஏற்றுள்ளது. அது கோப்பைச் சுருக்கி ஓரிடத்தில் வைக்கின்றது. வேறு பெறுமானம் குறிக்கப்படாதவிடத்து, சேமிப்பகத்தின் 10 சதவீதத்துக்கு மேற்படாமலும், 15 சதவீதம் வெறுமையாக இருக்குமாறும் பார்த்துக்கொள்கின்றது. குறித்த காலம் கழிந்த கோப்புகள் நீக்கப்படுகின்றன. யாருடைய செய்நிரல் வீழ்ந்ததோ, அப்பயனருக்கும் முறைமை நிர்வாகிக்கும் மட்டுமே பொதுவாக அக்கோப்பைப் படிக்கும் உரிமை உண்டு. விண்டோஸ் முறைமையிலும் இவ்வாறான ஏற்பாடு உள்ளது. அங்கே நிர்வாகி விரும்பினால் இப்பதிவுகளைக் கணினியிலேயே சேமிக்கச் செய்யலாம். சுருங்கிய பதிவா, முழுப் பதிவா என்பதையும் தெரிவு செய்யலாம். எண்ணிக்கை குறிக்கப்படாவிடின் 10 கோப்புகள் வைக்கப்படும். அதற்கு மேற்படின் பழையது நீங்கிப் புதியது இடம்பெறும்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை வட்டின் இடத்தைப் பற்றிய சிக்கன ஏற்பாடுகளாகவே தோன்றும். ஆழ்ந்து நோக்கின், ஒவ்வொன்றும் மனிதரைப் பற்றிய தீர்மானமாகும். 'எவ்வளவு' என்பது பிறருடைய வாழ்வில் எவ்வளவை எடுத்துக்கொள்ளலாம் என்பதாகும். 'யார் படிக்கலாம்' என்பது யாரை நம்பலாம் என்பதாகும். 'எத்துணைக் காலம்' என்பது எப்போது மறத்தல் கடமையாகின்றது என்பதாகும். இவற்றைத் தீர்மானிப்பவர் முன்னிலையில் அவற்றால் பாதிக்கப்படுவோர் இல்லை. வீழ்ச்சி நிகழ்வதற்கு முன்னரே, எவர் அகப்படுவார் என்று அறியாமலே, தீர்மானம் செய்யப்பட்டுவிடுகின்றது. இவ்விடயத்தின் அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

இது குறித்து இரு வேறு நிலைப்பாடுகள் இயல்பாக எழும். அனைத்தையும் சேமித்தல் வேண்டும் என்பது முதலாவது. வழு ஒன்று கண்டுபிடிக்கப்படாது போனால் அது மீண்டும் நிகழும். அடுத்த முறை அதனால் துன்புறுவோர் பலராகலாம். நோயாளரின் மருந்தளவைக் கணிக்கும் செய்நிரலில் உள்ள வழுவைக் காண ஒரு நோயாளரின் பதிவு வெளிப்படுதல் தவிர்க்கமுடியாதாயின், அவ்விலை கொடுக்கத்தக்கதே என்பர் இக்கருத்தினர். பெந்தாம், மில் முதலியோர் வகுத்த பயன்வழிக் கோட்பாட்டின் சாயலை இதிற் காணலாம். அவர்கள் மேலும் ஒன்று கூறுவர்: சேமிக்கப்படும் கோப்புகளுட் பெரும்பாலானவற்றை எவரும் திறந்து பார்ப்பதே இல்லை, பார்ப்பவரும் எண்களைத் தேடுவாரேயன்றி மனிதரைத் தேடமாட்டார், ஆகவே இழப்பு எங்கே?

எதனையும் சேமித்தல் ஆகாது என்பது இரண்டாவது நிலைப்பாடு. மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்பது இம்மானுவேல் காண்ட் 1785 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறவியல் நூலின் அடிப்படைகளுள் ஒன்றாகும். தாம் செய்யாத தவறைப் பிறர் திருத்துவதற்காக ஒரு பெண்ணின் நோய் விவரம் பொருளாக்கப்படுதல் அவரைக் கருவியாக்குதலேயாம் என்பர் இக்கருத்தினர். அளவைப் பூச்சியமாக்கிவிடின் இத்தொல்லையே இல்லை. செய்நிரல் வீழ்ந்தால் வீழட்டும். மீண்டும் தொடங்கினாற் போதும்.

இரு நிலைப்பாடுகளும் உறுதியானவை போலத் தோன்றினும், இரண்டினுள்ளும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தன்மை மறைந்துள்ளது. அனைத்தையும் சேமிப்பவர் தீர்மானத்தை ஒத்திப்போடுகின்றார். எது தேவை, எது தேவையன்று எனப் பிரித்தறியும் உழைப்பைப் பின்வருவோர் தலையில் வைத்துவிட்டு, அதுவரை ஆபத்தை மட்டும் குவித்து வைக்கின்றார். எவரும் திறந்து பார்ப்பதில்லை என்னும் அவரது வாதமும் நிலைபெறாது. திறந்து பார்க்க உரிமையுள்ளவர் பார்ப்பதில்லை என்பது, உரிமையற்றவர் பார்க்கமாட்டார் என்பதற்கு உத்தரவாதமாகாது. 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் குவாலிஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம், உபுண்டுவின் 'அப்போர்ட்' செய்நிரலிலும் மேற்கூறிய சிஸ்டம்டி செய்நிரலிலும் இரு குறைபாடுகளை வெளிப்படுத்தியது. அதே கணினியில் சாதாரண அனுமதி பெற்ற ஒருவர், உயர் அதிகாரமுள்ள செய்நிரலை வேண்டுமென்றே வீழ்த்தி, அதன் நினைவகப் பதிவிலிருந்து கடவுச்சொற்களின் மறையுருக்களை எடுக்கக்கூடும் என்பது அதனாற் காட்டப்பட்டது. சாட்சியத்தைப் பேணுவதற்கென நியமிக்கப்பட்ட செய்நிரலே களவுக்கு வாயிலாயிற்று.

எதனையும் சேமியாதவரும் குற்றத்தினின்று நீங்கினார் அல்லர். வீழ்ச்சியின் காரணத்தை அறிய முயலாது செய்நிரலை மீண்டும் இயக்குபவர், அடுத்த வீழ்ச்சிக்கு உடந்தையாகின்றார். மருந்தளவு பிழைத்ததனால் நாளை துன்புறும் நோயாளியும் மனிதரே. அவரைப் பற்றிய கடமையும் கடமையே. அந்தரங்கம் காத்தல் என்னும் நற்பெயரின் பின்னால் அறியாமையைப் பேணுதல் அறமாகாது. மேலும், பதிவு இல்லாத இடத்தில் பொறுப்பாளரைக் கேள்வி கேட்டலும் இயலாது. தவறிழைத்த நிறுவனத்துக்குச் சாட்சியமின்மையைப் போல வாய்ப்பான நிலை வேறில்லை.

ஆகவே, காத்தலுக்கும் அழித்தலுக்கும் இடையே ஒரு நடுப்புள்ளியைத் தேடுவதைவிட, காக்கப்படும் பொருளைப் பகுத்து நோக்குதலே பொருத்தமானது. செய்நிரல் 'எவ்வாறு வீழ்ந்தது' என்பது வேறு; வீழ்ந்தபோது அது 'எதனைச் சுமந்திருந்தது' என்பது வேறு. முன்னையது செய்நிரலாளருக்கு உரியது. பின்னையது, அச்சுமையைச் செய்நிரலிடம் நம்பி ஒப்படைத்தவருக்கு உரியது. சுருங்கிய பதிவும், விலக்கப்பட்ட நினைவகப் பகுதியும் இப்பகுப்பைச் செயற்படுத்த முயலும் வழிகளே. எனினும் இப்பகுப்பு முழுமையானதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒரு பகுதி மற்றொரு பகுதியை அழைக்கும்போது கையளிக்கும் பெறுமானங்களுள் கடவுச்சொல்லும் இருக்கலாம். நோயின் பெயரும் இருக்கலாம். சில வேளைகளில் வழுவுக்குக் காரணமே, ஒருவருடைய பெயர் எழுதப்பட்ட விதமாக இருத்தல் கூடும். அவ்வாறாயின் சுமையைப் பாராது வீழ்ச்சியை அறிய முடியாது. பகுப்பு முழுமைபெறாத இவ்விடத்திலேயே இடம், கால எல்லை, பார்வையாளர் வரையறை ஆகிய ஏனைய விதிகள் அறத்தின் துணைக்கு வருகின்றன.

சாட்சியத்துக்கு உரிய இடம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு 1996 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் திகதி நிகழ்ந்த ஏரியன் 5 ரொக்கெட்டின் அழிவு தக்க சான்றாகும். திசையையும் நகர்வையும் அளக்கும் கணினியில், 64 துணுக்குகள் கொண்ட எண் ஒன்றை 16 துணுக்குகளுள் அடக்க முயன்றபோது வழு நேர்ந்தது. தன் பணியை நிறுத்திய அக்கணினி, தன் பழுதை விளக்கும் தரவை வழக்கமான வழியிலேயே அனுப்பியது. ரொக்கெட்டைச் செலுத்திய பிரதான கணினி அதனைப் பறப்புத் தரவு என்றே கொண்டது; இல்லாத திசைமாற்றத்தைத் திருத்த முற்பட்டது; ரொக்கெட் சிதறியது. வீழ்ந்தது பேசிய வாக்குமூலம் பொய்யன்று. ஆயின், கேட்கத்தகாத செவியை அது சென்றடைந்தது. சாட்சியம் உண்மையானதாக இருத்தல் மட்டும் போதாது; உரியவரிடம் உரிய வழியிற் சேர்தலும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

சம்மதம் பெற்றுவிடின் சிக்கல் தீரும் எனச் சிலர் கூறக்கூடும். 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, செய்நிரல் ஒன்று வீழ்ந்ததும் வழு அறிக்கையை நிறுவனத்துக்கு அனுப்பலாமா எனப் பயனரைக் கேட்டது. கேட்டல் நன்றே. ஆயின், கேட்கப்பட்டவர் விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தவர் மட்டுமே. அவர் திறந்திருந்த கடிதத்தை எழுதியவர் கேட்கப்படவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த பதிவேட்டில் இடம்பெற்ற நோயாளி கேட்கப்படவில்லை. ஒருவர் தமக்கு உரியதை வழங்கச் சம்மதிக்கலாம். தம்மிடம் பிறர் ஒப்படைத்ததை வழங்கச் சம்மதிக்க அவருக்கு உரிமை இல்லை. அனுப்பப்பட்டது எவர் கையில் சேரும் என்பதும் அவர் அறியாததே. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமை இவ்வாறான வழு அறிக்கைகளை இடைமறித்துப் பயன்படுத்தியதாக ஜெர்மனியின் 'டெர் ஸ்பீகல்' சஞ்சிகை 2013 ஆம் ஆண்டு டிசம்பரில் செய்தி வெளியிட்டது.

இவ்வினாவின் முழுப் பரிமாணத்தையும் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று வெளிக்காட்டுகின்றது. 2023 ஆம் ஆண்டில், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கையொப்பத் திறவுகோல் ஒன்றைக் கைப்பற்றிய ஊடுருவிகள், ஐக்கிய அமெரிக்க அரசாங்கத் திணைக்களங்கள் உட்படப் பல நிறுவனங்களின் மின்னஞ்சல்களைப் படித்தமை வெளியாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 6 ஆம் திகதி அந்நிறுவனம் ஒரு விளக்கம் அளித்தது. 2021 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு முறைமை வீழ்ந்தபோது, எழுதப்பட்ட பதிவில் அத்திறவுகோல் தவறுதலாக இடம்பெற்றிருக்கலாம்; அப்பதிவு தனிமைப்படுத்தப்பட்ட வலையமைப்பிலிருந்து இணையத்தோடு தொடர்புடைய வழுத்திருத்தச் சூழலுக்கு நகர்த்தப்பட்டது; அங்கிருந்து ஊடுருவிகள் அதனை எடுத்திருக்கலாம் என்பது அதன் சாரம். ஊடுருவிகள் அதனை எடுத்துச்சென்றமைக்கான குறிப்பேடுகள், சேமிப்புக் கால எல்லை காரணமாகத் தம்மிடம் இல்லை எனவும் அந்நிறுவனம் கூறிற்று. பின்னர், திறவுகோலைக் கொண்ட அவ்வாறான பதிவு எதனையும் தாம் கண்டெடுக்கவில்லை என 2024 ஆம் ஆண்டு மார்ச்சு 12 ஆம் திகதி அதே விளக்கத்தைத் திருத்தியது. இதனை ஆராய்ந்த ஐக்கிய அமெரிக்க இணையப் பாதுகாப்பு மீளாய்வுச் சபை, முதல் விளக்கம் சரியன்று என 2023 நவம்பரிலேயே நிறுவனம் தன்னிடம் ஒப்புக்கொண்டதைச் சுட்டி, பகிரங்கத் திருத்தம் தாமதமானதைக் கண்டித்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து பெறப்படும் படிப்பினை இருவகைத்து. வீழ்ச்சிப் பதிவு ஒன்றில் திறவுகோல் இருந்திருக்கலாம் என்று நம்பத்தக்க நிலை இருந்ததே, சேமிக்கப்படுவது யாது என்பதனைச் சேமிப்பவரே முழுமையாக அறிந்திருக்கவில்லை என்பதற்குச் சான்று. உண்மையை உறுதிசெய்திருக்கக்கூடிய குறிப்பேடுகள் இல்லாது போனமையோ, வேண்டியதை மறந்தமைக்குச் சான்று. எதை வைத்திருத்தல், எதை அழித்தல் என்னும் தீர்மானம் சிந்தனையின்றி வகுக்கப்படும்போது ஆபத்தானது எஞ்சி, பயனுள்ளது மறைந்துபோதல் கூடும். அவ்வாறு மறைந்த பின்னர், அறியாததை அறிந்தது போலக் கூறும் சோதனையும் வந்து சேர்கின்றது. சாட்சியம் இல்லாத இடத்தில் 'தெரியாது' என்று கூறும் நேர்மையும் சாட்சியம் பேணும் கடமையின் ஒரு பகுதியே.

சட்டங்களும் இத்திசையில் நகர்ந்துள்ளன. 2018 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியும், தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக் குறித்து இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும், தரவு குறித்த நோக்கத்துக்கே பயன்படல் வேண்டும், அந்நோக்கத்துக்கு வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருக்கப்படலாகாது என்னும் கொள்கைகளைக் கொண்டுள்ளன. ஆயினும், சட்டத்தின் கண் எல்லாக் கோப்புறைகளையும் எட்டாது. நள்ளிரவில் வீழ்ந்த செய்நிரலின் நினைவு எங்கே எழுதப்படுகின்றது என்பதைச் சட்டம் வந்து பார்ப்பதில்லை. அதனைப் பார்ப்பது அமைப்பு வரியை எழுதியவரின் மனச்சாட்சியே.

முடிவாகக் கூறுமிடத்து, வீழ்ச்சிப் பதிவைப் பேணுபவர் அதன் உடைமையாளர் அல்லர். பிறர் பொருளைச் சிறிது காலம் பொறுப்பேற்றவரே ஆவார். வீழ்ச்சியின் காரணத்தை அறிவதற்கு வேண்டியதை எடுத்தல், வேண்டாததை எடுக்க மறுத்தல், ஆராய வேண்டியவரன்றிப் பிறர் அணுகாவண்ணம் வைத்தல், ஆராய்ந்து முடிந்ததும் அழித்தல், அறிந்ததை அறிந்த அளவே கூறுதல் என்பன அப்பொறுப்பின் கூறுகள். இவற்றுள் எதுவும் தானாக நிகழ்வதன்று. தொடக்கப் பெறுமானங்களை மாற்றாது விடுபவரும் ஒரு தீர்மானத்தையே செய்கின்றார். அது பிறர் செய்த தீர்மானத்தைச் சிந்தியாது ஏற்றல் ஆகும். தன் நோயைத் தாதியிடம் மட்டும் சொன்ன அப்பெண், தன் பெயர் எந்த வட்டில் எத்தனை நாள் கிடந்தது என்பதை ஒருபோதும் அறியப்போவதில்லை. கேட்க வரமாட்டாத ஒருவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதிக்கொண்டு, அந்த வரியை எழுதுதலே முறைமை நிர்வாகி ஒருவரிடம் எதிர்பார்க்கத்தக்க அறம் ஆகும்.